மிச்சக் கல் பாவிய நூலகம்

என் சாத்தப்பனுக்கு,

நேற்றுக் காலையில் நம் நூலகத்தில் உன் படத்தை மாட்டிவிட்டார்கள். எங்கே மாட்டினார்கள் தெரியுமா? பேப்பர் மேசைக்கு எதிர்ச் சுவரில். நான் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேரே உன் முகம். சந்தன மாலை போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்கும் எரிய விட்டிருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் யாருக்கோ கதை சொல்லத் தொடங்கப்போகிற மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு இப்படிப் படம் மாட்டுவார்களா என்று வீட்டில் கேட்டேன். "எதுக்கு இப்ப அந்த யோசனை? மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நீ போய் ஒரு வருஷம் முடிகிறது. அதற்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நூலகர் தேன்மொழி நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். உன்னைப் பற்றி ஊருக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஊருக்குத்தான் உன்னைத் தெரியுமே. அதனால் உனக்கே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

துக்கம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் உன்னை நினைத்ததும் முதலில் வருவது பொறாமைதான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வருகிறது. நீ செத்துப் போய்விட்டாய் என்பதற்காக அது நின்றுவிடுமா?

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. நீ நகரத்தார் வீட்டுப் பிள்ளை, நான் கண்மாய்க்கரை விவசாயி மகன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் எனக்கு அடி விழும். நீ எழுதாமல் வந்தால், ஏன் எழுதவில்லை என்று ஒரு கதை சொல்வாய், வாத்தியார் சிரித்துவிட்டு உட்காரச் சொல்லிவிடுவார். அங்கே ஆரம்பித்தது.

பிறகு நீ பினாங்குக் கடைக்குப் போனாய். நான் பொதுப்பணித் துறையில் கட்டிடங்களுக்குப் படம் வரைகிற வேலைக்குப் போனேன். வயதான பிறகு இரண்டு பேரும் ஊருக்கே திரும்பி வந்தோம். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகிற பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில்தானே நூலகம்? காலையில் கதவு திறக்கும்போது நீயும் நானும் படியில் நின்றுகொண்டிருப்போம். பேப்பர் யார் கைக்கு முதலில் போகும் என்று ஒரு போட்டி. பெரும்பாலும் உன் கைக்குத்தான் போகும்.

நம் நூலகத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். சாலையில் நின்று பார்த்தால் அரண்மனை. வழுவழுப்பான சுண்ணாம்புத் தூண்கள், மேலே இரண்டு யானைக்கு நடுவில் லட்சுமி, பர்மாத் தேக்கில் வாசல். உள்ளே நீளமான ஒரு கூடம். உயரத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வெயில் ஏற ஏறப் புத்தக அலமாரிகள் மேல் சிவப்பும் நீலமுமாக விழும்.

கூடத்தில் பாதி தூரம் நடந்ததும் எல்லாம் மாறிவிடும். தேக்குத் தூண்கள் முடிந்து பனந்தூண்கள் வரும். முகம் தெரிகிற மாதிரி இருந்த சுவர் சொரசொரப்பாகிவிடும். அதுவரை ஒரே பூவாக ஓடிவந்த ஆத்தங்குடிக் கல் தரை, அங்கிருந்து கல்லுக்குக் கல் வேறு பூ, வேறு நிறம் என்று சிதறிவிடும். கடைசியில் பின்சுவரில் பெரிய தேக்கு நிலையும் கதவும். கதவைத் திறந்தால் பின்னால் எதுவும் இல்லை, கருவேல மரங்கள்தான்.

ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கானாடுகாத்தான் ஹோட்டல்களில் தங்குகிறவர்களைக் காரில் ஏற்றி இங்கேயும் அழைத்துவரத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்விக்குக் குறைவில்லாமல் போயிற்று. பதில் சொல்ல நீ எழுந்து போவாய். நான் பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு வரிகூட ஓடாது.

உன் கதை எனக்கு மனப்பாடம். "இதக் கட்டுனவரு ரங்கூன்ல கடை வச்சிருந்தாரு. வீட்டுல ஆச்சி பேரு விசாலாட்சி. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. மளிகைச் சாமான் மடிச்சு வர்ற காகிதத்த வச்சுத் தானா எழுத்துக் கூட்டிப் படிச்சாக. அவரு ஊருக்கு வந்தப்ப, ஆச்சி அடுப்படியில உக்காந்து புளி மடிச்ச காகிதத்தப் படிச்சுக்கிட்டு இருந்தாகளாம். அதப் பாத்துட்டு, நீ படிக்கிறதுக்குன்னே ஒரு வீடு கட்டித் தாரேன்னாராம்."

அப்புறம் பாதிக் கூடத்துக்கு நடந்து போவாய். "தரைக்கு எந்தப் பூப் போட்ட கல்லு வேணும்னு கேட்டாராம். எல்லாமே நல்லாத்தான இருக்குன்னாகளாம் ஆச்சி. அப்ப எல்லாத்தையும் போட்ருவம்னு சொல்லிட்டாராம்."

அந்த இடத்தில் பேச்சை நிறுத்துவாய். ஒன்றும் சொல்லாமல் போய்ப் பின்கதவைத் திறப்பாய். வெளிச்சம் அத்தனை நிறக் கல் மேலும் வந்து விழும். "படிக்கிறவுகளுக்கு வெளிச்சம் வேணும்ல? அதான் பின்னாடி ஒண்ணும் கட்ட வேணாம்னுட்டாக."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஆண்கள் உன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்தத் தரையில் உட்கார்ந்தேவிட்டார். இவ்வளவு ஏன், என்னோடு குடித்தனம் நடத்துகிறவளே தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு உன் கதையைக் கேட்க வந்தாள். போகும்போது என் மேசைப் பக்கம் வந்து சொன்னாள்: "அண்ணன் சொன்னாக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். நீங்க சொன்னீகன்னா அளந்து பாத்துச் சொல்ற மாதிரி இருக்கு."

அளந்து பார்த்துத்தான் சொன்னேன், சாத்தப்பா. அதுதானே என் தொழில்?

அது படிப்பதற்கென்று கட்டிய கட்டிடமே கிடையாது. ஒரு பெரிய வீட்டின் முன்பாதி. வெளியே போய்ப் பக்கச் சுவரைப் பார்த்தால் நடுவில் தையல் போட்ட மாதிரி மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு முன்னால் மெல்லிய செங்கல், பின்னால் நம் கண்மாய் மண்ணில் அறுத்துச் சுட்ட தடிச் செங்கல். பின்னால் வரப்போகிற சுவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முதல் கொத்தனார் ஒன்று விட்டு ஒன்று பல்லாக நீட்டி வைத்த செங்கற்களைக்கூட அங்கே பார்க்கலாம்.

ஜப்பான் சண்டை வந்து பர்மா போயிற்று, கடையும் போயிற்று, வீடு பாதியில் நின்றுவிட்டது. கூரை இல்லாத அந்தச் சுவர்களுக்குள் வருஷக்கணக்கில் ஆடு கட்டியிருந்தார்கள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள் ஊரைக் கூப்பிட்டு, எங்களால் முடியவில்லை, நீங்கள் எடுத்து முடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். வாய்வார்த்தைதான். ஊர் பனை வெட்டித் தூண் நிறுத்தியது. தரைக்குக் கல் வாங்க வழியில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கட்டி முடித்து மிஞ்சிய கல் பின்கட்டில் அடுக்கிக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து பாவினார்கள். கட்டவே கட்டாத உள்வீட்டுக்கென்று செய்து வைத்திருந்த தேக்கு நிலையை வீணாக்க மனமில்லாமல் பின்சுவரில் நிறுத்தினார்கள். நீயும் நானும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நடந்தது இது.

அப்பா சொன்னது போதும் என்று நான் விடவில்லை. பூட்டிக் கிடக்கிற வீடுகளை முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள் இல்லையா? அப்போதெல்லாம் போவேன். நூலகத் தரையிலிருந்து மெல்லிய தாளில் படி எடுத்த பூவை அவர்கள் வீட்டுத் தரையில் வைத்துப் பார்ப்பேன். எதற்காக வருஷக்கணக்கில் அப்படி அலைந்தேன் என்று நினைக்கிறாய்? உன் கதை பொய் என்று உன் முகத்துக்கு நேரே காட்டத்தான். வேறு பெரிய நோக்கம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

ஒரு நாள் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். "பச்சையில மஞ்சப் பூ. இது உங்க வீட்டுக் கல்லுடா. உங்க வீட்டுல மிஞ்சினதுதான் இங்க கிடக்கு."

நீ குனிந்து தடவிப் பார்த்தாய். "ஆமாடா, எங்க வீட்டுக் கல்லேதான்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நீ கொஞ்சமும் தயங்காமல் சொன்னாய்: "ஆச்சி ஆசப்பட்டாகன்னு, அவரு ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் போய் நின்னு கல்லுக் கேட்டு வாங்கியாந்து போட்டாரு. இந்தா, இது எங்க வீட்டுக் கல்லு." நான் கண்டுபிடித்ததை எடுத்து உன் கதையில் பதித்துக்கொண்டாய். அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண் அந்தக் கல் மேல் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன்டா பொய் சொல்ற?" என்று கேட்டேன்.

"அவுக எம்புட்டோ தூரத்துல இருந்து வாராக, கருப்பையா" என்றாய். "கைய வீசிக்கிட்டா அனுப்புறது?"

நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு காலையில் நான் மட்டும் படியில் நின்றேன். நெஞ்சு வலி என்று காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்குப் பேப்பர் முதலில் என் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பத்துப் பதினைந்து நாள் போன பிறகு தேன்மொழி என்னிடம் வந்தாள். "ஐயா, வர்றவுகளுக்கு இனி நீங்கதான் சொல்லணும்." எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இத்தனை வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது இல்லையா? துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். செங்கல் அளவு சொன்னேன், சுண்ணாம்பு எப்படி அரைத்தார்கள் என்று சொன்னேன், கூடத்தின் நீள அகலம் சொன்னேன். பாதியிலேயே ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஹோட்டலிலிருந்து ஆட்களை அழைத்து வருகிற ரமேஷ் என் காதருகே வந்தான். "ஐயா, அந்த ஆச்சி கதையச் சொல்லுங்க."

"அப்படி ஒரு கதை கிடையாது தம்பி."

குடித்துக்கொண்டிருந்த காபியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ரமேஷே உன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டான். நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான், பின்கதவைத் திறந்தான். நான் பழையபடி பேப்பருக்குப் பின்னால் போய்விட்டேன். நீ இல்லாத இடத்திலும் உன் கதைக்குத்தான் கூட்டம்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரியது தை மாதத்தில் வந்தது.

கார்த்திக்கை உனக்கு நினைவிருக்கும். அந்த வீட்டைக் கட்டத் தொடங்கியவரின் கொள்ளுப்பேரன், சென்னையில் வேலை பார்க்கிற பையன். ஒருமுறை மனைவியோடு வந்து உன் கதையைக் கேட்டுவிட்டுக் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அவன்தான். பிறந்த பெண்ணுக்கு விசாலாட்சி என்று பெயர் வைத்திருக்கிறான். உன் கதை அவனுக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது. கொள்ளுப் பாட்டிக்காகக் கட்டிய வீட்டை ஊருக்குப் படிக்கக் கொடுத்து வைத்திருந்தோம், இப்போது திருப்பிக் கொடுங்கள், பாட்டி பெயரிலேயே நாலு பேர் வந்து தங்குகிற இடமாக ஆக்கிக்கொள்கிறேன் என்று அதிகாரிகளுக்கு எழுதிவிட்டான்.

கெட்ட பையன் இல்லை. என்னைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டான். நூலகத்துக்குச் சந்தைப் பக்கம் புதுக் கட்டிடம் வரும், கம்ப்யூட்டர் வரும், கழிப்பறை நன்றாக இருக்கும் என்று ஊரிலேயே சில பேர் அவன் பக்கம் சேர்ந்தார்கள். ஊருக்குக் கொடுத்ததற்கு எழுத்து எதுவும் கிடையாது. எழுத்து இல்லாத இடத்தில் என்ன நிற்கும்? எல்லாருக்கும் தெரிந்த கதை நிற்கும். எல்லாருக்கும் தெரிந்தது உன் கதை. அந்தக் கதைப்படி அது ஆச்சி வீடு.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தினமும் அந்த மிச்சக் கல் தரையில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள், அங்கேதான் குளிர்ச்சி என்று. அவர்கள் தேன்மொழியைச் சுற்றி நின்றுகொண்டு, இனி நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். சந்தைப் பக்கம் லாரி சத்தத்தில் எவன் படிப்பான்?

வட்டாட்சியர் நேரில் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். அதற்கு முன்தினம் உன் வீட்டு மீனாள் ஆச்சி என் வீட்டுக்கு வந்தார்கள். காபி வேண்டாம் என்றுவிட்டு நேரே சொன்னார்கள்.

"அண்ணே, நாளைக்கு நீங்க எந்திரிச்சுப் பேசப் போறீகன்னு சொன்னாக. பேசுங்க. ஆனா அவுகளச் சபையில வச்சுப் பொய்யன்னு மட்டும் சொல்லிராதீக. அவுக போயிட்டாக. திரும்பப் பேச முடியாது."

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. உன்னைப் பொய்யன் என்று ஒரு சபையில் சொல்ல நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்று உன் மனைவியிடம் சொல்ல முடியுமா?

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. வட்டாட்சியர் ஒரு பக்கம், கார்த்திக் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் நடுவில், படிக்கிற பிள்ளைகள் சுவரோரம். கார்த்திக் எழுந்து உன் கதையைச் சொன்னான். புளி மடித்த காகிதம், எல்லாப் பூவும் நல்லாத்தானே இருக்கு, எல்லாம் சொன்னான். வட்டாட்சியர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊர்ல எல்லாரும் இதைத்தான் சொல்றீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். பல பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கும் வேறு கதை தெரியாதே.

நூலகத்துக்காக எழுந்தேன் என்று இந்த மலரில் எழுதிக்கொள்ளலாம், படிக்க நன்றாக இருக்கும். உனக்குச் சொல்கிறேன், அதற்காக எழவில்லை. கார்த்திக் சரியாக நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான், பார். அந்த நொடியில் கூடம் அப்படியே மூச்சைப் பிடித்தது. அதைப் பொறுக்க முடியாமல்தான் எழுந்தேன்.

மீனாள் ஆச்சி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபோது பொய் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. முழுங்கிவிட்டேன்.

"அந்தக் கதை நல்ல கதை" என்றேன். "நம்ம சாத்தப்பன் சொன்னது. ஆனா இந்தத் தரை வேற சொல்லுது. கொஞ்சம் எந்திரிச்சு வாரீகளா?"

முதலில் வெளியே கூட்டிப்போய்ப் பக்கச் சுவரில் அந்தத் தையல் கோட்டைக் காட்டினேன். வட்டாட்சியர் முன்பாதிச் செங்கலையும் பின்பாதிச் செங்கலையும் விரலால் அளந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஒவ்வொரு கல்லாகக் காட்டினேன். "இந்தச் செவப்புக் கட்டம் வடக்குத் தெரு மூணாவது வீடு. இந்த நீலத் தாமர கோயிலுக்கு எதுத்த வீடு. இந்தப் பச்சையில மஞ்சப் பூ, நம்ம சாத்தப்பன் வீடு. எல்லாம் அவுகவுக கட்டி முடிச்சு மிஞ்சினது. கேட்டப்ப எடுத்துக் குடுத்தாக."

ஒரு வயதான ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு கல்லின் மேல் போய் நின்றார்கள். "இது எங்க வீட்டுக் கல்யாணக் கொட்டகைத் தரையில கெடக்கிற கல்லுல்ல" என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் என் கையில் எதுவும் இல்லை. ஆளாளுக்குக் குனிந்து தேடத் தொடங்கினார்கள். இது எங்க மாமியார் வீட்டுது என்று ஒருவர், அது எங்க ஐயா வீட்டுது என்று ஒருவர். பூட்டிய வீடுகளுக்குக் காவல் இருக்கிறவர்கள்கூட அந்தந்த வீட்டுக் கல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைகள் தாங்கள் தினமும் உட்கார்கிற கல் யார் வீட்டுக் கல் என்று என்னைக் கேட்டார்கள். ஒருவரும் போனைப் பார்க்கவில்லை, சாத்தப்பா.

அந்த நேரத்தில் நான் யாரைத் தேடினேன் தெரியுமா? உன்னைத்தான். நீ தோற்கிறபோது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

"இதுக்கெல்லாம் யாராவது விலை வாங்கினாங்களா?" என்று வட்டாட்சியர் கேட்டார். யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை என்றேன். "அப்ப பின்பாதி ஊரு கட்டினது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தேன்மொழிக்கு ஒரே சந்தோஷம். "ஐயா, உங்க வீட்டுக் கல்லு எது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்டுல அப்ப சாணி மொழுகுன தரைம்மா. கல்லு ஏத்திக்கிட்டு வந்த வண்டி எங்கப்பாவோடது" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டேன். உன் வீட்டுக் கல் அங்கே வரிசையாகக் கிடக்கிறது. என் வீட்டுக் கல் ஒன்றுகூட இல்லை. இதை நான் இதற்கு முன் உன்னிடம் சொன்னதில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் கார்த்திக் மட்டும் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். "அப்ப எங்க கொள்ளுப் பாட்டி படிச்சதே இல்லையா ஐயா?" என்று கேட்டான். பெண்ணுக்குப் பெயர் வைத்தவன் கேட்கிற கேள்வி. நீயாக இருந்தால் அந்த இடத்தில் இன்னொரு கதை சொல்லி அவனை எழுப்பியிருப்பாய். எனக்கு அது வராது.

"படிச்சாகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சதச் சொல்றேன். வீடு பாதியில நின்னப்ப, இந்தத் தேக்கையும் நெலையையும் பிரிச்சு வித்திருந்தா உங்க வீட்டுக்கு அப்ப பெரிய ஒத்தாசையா இருந்திருக்கும். அவுக விக்கல. ஊருக்குக் குடுத்துட்டாக."

அவன் எழுந்து அந்தத் தையல் கோட்டை இன்னொரு தடவை காட்டச் சொன்னான். மாசிக் கடைசியில் அவனும் அவன் பெரியப்பா வீட்டாரும் வந்து முன்பாதியையும் நூலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று கேட்டான்: முகப்புக்குப் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பே அடிக்க வேண்டும் என்று. நூலகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் பிள்ளைகள் எப்போதும் போல வருகிறார்கள்.

மீனாள் ஆச்சி பங்குனி வரை என்னோடு பேசவில்லை. கோயில் வாசலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பொய் என்ற சொல்லை நான் சொல்லாவிட்டாலும் சொன்னது அதுதானே? ஒரு நாள் அவர்களாகவே நூலகத்துக்கு வந்தார்கள். உங்கள் பச்சைக் கல் கிடக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தார்கள்.

"நல்லாத்தான் சொன்னீக அண்ணே. ஆனா அவுக இருந்திருந்தா உங்கள அம்புட்டு நேரம் பேச விட்டிருக்க மாட்டாக."

எவ்வளவு சரியாகச் சொன்னார்கள் பார். நீ இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே மிச்சக் கல் கதையை என்னைவிட அழகாகச் சொல்ல ஆரம்பித்திருப்பாய். எதிரில் ஆள் இல்லாத ஆட்டத்தில்தான் நான் ஜெயித்தேன்.

அந்த ஜெயிப்பும் நிலைக்கவில்லை. இப்போது ரமேஷ் மிச்சக் கல் கதையைத்தான் சொல்கிறான். அவன் சொல்வதில், கல் எதுவும் மிஞ்சாத ஒரு ஏழை ஆச்சி தன் வீட்டு நடுக்கூடத்தில் பதித்திருந்த கல்லையே பெயர்த்துக் கொடுக்கிறார்கள். கேட்கிறவர்கள் உருகிப்போகிறார்கள். தனியாகக் கூப்பிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதானய்யா சொன்னீக."

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?"

"சாத்தப்பன் ஐயா இருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பாக" என்றான். வருஷக்கணக்கில் அலைந்து நான் சேர்த்தது என் கண் முன்னாலேயே உன் கதையாக மாறிக்கொண்டிருக்கிறது. நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். ரமேஷ் ஊரில் இல்லை, அதனால் நான்தான் சொன்னேன். செங்கல், பனை, மிஞ்சிய கல் எல்லாம் சொன்னேன். இரண்டு பையன்கள் பின்னால் ஒருவனை ஒருவன் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கல்லை என் அப்பாதான் வண்டியில் ஏற்றி வந்தார் என்று சொன்னபோது, எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "அன்னைக்கு நல்ல மழை."

கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் கேட்டாள், "கல்லு நனஞ்சு போச்சா தாத்தா?"

"நனையல. எங்கப்பா தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து, அதுக மேல போத்திட்டு, தான் நனஞ்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டு வந்தாக."

அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மழை பெய்ததாக அப்பா சொன்னதே இல்லை. மண்டையைப் பிளக்கிற சித்திரை வெயிலாகக்கூட இருந்திருக்கலாம். ஆத்தங்குடிக் கல் மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது என்பது கட்டிட வேலையில் இருந்த எனக்குத் தெரியாதா? அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? நீ அனுப்பினாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். செங்கல்லும் பனையும், யார் வீட்டுக் கல் எது என்பதும் உள்ளது உள்ளபடிதான் என் வாயிலிருந்து வரும். ரமேஷின் ஏழை ஆச்சியை நான் ஒரு நாளும் சேர்க்கமாட்டேன். அந்த மழையை மட்டும் எடுக்கமாட்டேன். அது என் அப்பாவுக்கு. அதற்கு மேல் ஒரு தூறல்கூடச் சேர்க்கமாட்டேன், சத்தியம். ஆனால் ஒன்றை நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இத்தனை வருஷம் நீ சொன்ன எதிலும் இப்படி ஒரு மழை பெய்ததில்லை.

காய்ச்சல் இன்னும் தணியாத உன் பங்காளி,
கருப்பையா